எலிசபெத்தும் எழுபத்து மூன்று பாக்கெட் உறைகளும்

11.9.2023 — 214 — 41 கிலோ
18.12.2023 — 96 — 44 கிலோ
15.4.2024 — 131 — 43 கிலோ 500 கிராம்
12.8.2024 — 178 — 42 கிலோ

இந்த நான்கு வரிகளும் என் மருமகள் எலிசபெத்துடையவை. நடுவில் இருக்கும் எண் ரத்தப் பரிசோதனையில் வந்தது. அவள் உடம்பு கோதுமையோடு எவ்வளவு சண்டை போடுகிறது என்பதை அது காட்டும். பத்துக்குக் கீழே இருந்தால் சண்டை இல்லை என்று அர்த்தம். கடைசியில் இருப்பது எடை. நான்கு நாட்களும் திங்கட்கிழமை. டாக்டரம்மா திங்கட்கிழமைகளில்தான் வெளிநோயாளிகளைப் பார்ப்பார்.

இரண்டாவது வரியில் பாதிக்கும் கீழே இறங்கிய எண், வீட்டில் ஒரு பொட்டுக் கோதுமை இல்லாதபோது மூன்றாவது வரியிலும் நான்காவது வரியிலும் ஏன் ஏறியது? அதைக் கண்டுபிடித்தவள் எலிசபெத். அதனால் அவளைப் பற்றி எழுதுகிறேன்.

அவள் 1989-இல் தங்கவயல் சாம்பியன் ரீஃப்ஸ் லைன் வீடு ஒன்றில் பிறந்தாள். அவளுடைய அப்பா சுரங்கத்துக்குள் மரம் முட்டுக் கொடுக்கும் வேலை செய்தார். நானும் அதே சுரங்கம்தான். 1970 முதல் பம்பு அறையில் ரீடிங் எழுதினேன். எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீர் இறைத்தோம் என்று முப்பத்தோரு வருடம் எழுதியிருக்கிறேன். 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பதினெட்டில் மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறி, பெங்களூரில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். அதே ரயிலில் என் மகன் பிரசன்னாவும் எலெக்ட்ரீஷியன் வேலைக்கு வந்து போய்க்கொண்டிருந்தான். நின்றுகொண்டே போக வேண்டிய அந்த ரயிலில் யார் யாருக்கு முதலில் இடம் பிடித்துக் கொடுத்தார்கள் என்பதில் இருவருக்கும் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. 2013 ஜூனில் கல்யாணம். லிங்கராஜபுரத்தில் வீடு பிடித்தார்கள். அடுத்த வருடம் நானும் என் மனைவி தனலக்ஷ்மியும் அவர்களோடு வந்து சேர்ந்தோம்.

பிசிறு வெட்டியவள் தையலுக்குப் போய், தையலிலிருந்து செக்கிங் பிரிவுக்கு உயர்ந்தாள். தைத்து முடித்த சட்டை அவள் முன்னால் வரும். விட்டுப்போன தையல், எண்ணெய்க் கறை, கோணல் காலர் எல்லாவற்றையும் முக்கால் நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும். அந்த வேலையைப் பற்றி ஒருமுறை கேட்டேன்.

"தப்பு கண்டுபிடிக்கிறது பெரிசில்ல மாமா. அது யாரு வேணா பாப்பாங்க. அது எந்த எடத்துல ஆரம்பிச்சுதுன்னு சொல்றதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்றாள்.

பத்து வருடங்களாக அவளுக்கு வயிற்று உப்புசம், பேதி, களைப்பு. ரத்தசோகை என்று இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாள். அல்சர் என்று வேறு மாத்திரை சாப்பிட்டாள். 2023-இல் மாடிப்படி ஏற முடியாமல் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, துளி சதை எடுத்துப் பரிசோதித்த பிறகுதான் சீலியாக் என்ற பெயர் எங்கள் வீட்டுக்குள் வந்தது. கோதுமையிலும் பார்லியிலும் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் இவள் உடம்பு தன் குடலையே அரித்துக்கொள்ளும். மருந்து கிடையாது. கோதுமையை விட்டால் குடல் தானாக ஆறும். "விட்டா முழுசா விடணும்" என்றார் டாக்டரம்மா. "சப்பாத்தி போட்ட கல்லுல தோசை ஊத்தினாக்கூட ஆகாது."

எலிசபெத் அன்றே விட்டாள். சப்பாத்தி, பன், பிஸ்கட், ரவை, சேமியா எல்லாம் போயின. சர்ச்சில் போதகரிடம் சொல்லி, திருவிருந்தில் அப்பத்தை விட்டுவிட்டுத் திராட்சை ரசத்தை மட்டும் தனிக் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டாள். கம்பெனியில் பிறந்தநாள் கேக் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு பாட்டு மட்டும் பாடுவாள். தையல் லைனில் அவளுக்கு 'நோ கேக் மேடம்' என்று பெயர் வைத்தார்கள். டிசம்பரில் 96 வந்தது. அந்த மாதமே பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்து, கட்டிப்படுத்த மைதா சேர்க்கிறார்கள் என்று கண்டுபிடித்தாள். அதுவும் போயிற்று. இனி யாருக்காகவும் இந்த வீட்டுக்குள் கோதுமை வரக்கூடாது என்று நான்கு பேரும் பேசி முடிவு செய்தோம். மாவு மில்லுக்குப் போவதையும் நிறுத்தினோம். முன்னால் யாரோ கோதுமை அரைத்திருப்பார்கள்.

மிச்சம் இருந்தது பாக்கெட்டில் வருபவை. அரிசி மாவு, மிளகாய்த்தூள், பொடி வகைகள், ராகி மால்ட். இவற்றில் கோதுமை இல்லை என்று எழுதியிருந்தாலும், கோதுமை ஓடிய இயந்திரத்திலேயே இவையும் ஓடியிருக்கலாம். இந்த இடத்தில்தான் நான் உள்ளே வந்தேன்.

1.1.2024 அன்று ஒரு நீளவாக்கு நோட்டைத் தொடங்கினேன். வீட்டுக்கு வரும் ஒவ்வொரு பாக்கெட்டையும் நானே பிரித்து டப்பாவில் கொட்டுவேன். உறையைக் கழுவி, காயவைத்து, பெயரும் தொகுதி எண்ணும் உள்ள பகுதியை வெட்டுவேன். பழைய காலண்டர் தாளில் ஒரு சின்னக் கவர் செய்து, நோட்டுப் பக்கத்தில் ஒட்டி, அதற்குள் அந்த லேபிளைச் சொருகுவேன். எதிர்ப்பக்கத்தில் வாங்கிய தேதி, பிரித்த தேதி, எலிசபெத் சாப்பிட்ட நாட்கள், வயிற்று வலி வந்த நாட்கள். வெளியில் சாப்பிட்டாளா என்பதற்கு ஒரு கட்டம்; அதில் எப்போதும் 'இல்லை'. நோட்டின் கடைசிப் பக்கங்களில் என் எழுதுபொருள் வரவு. சுரங்க அலுவலகத்தில் இப்படித்தான் எழுதுவோம். தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் முதலெழுத்தும் தேதியும் இட வேண்டும்.

எலிசபெத் தன் பங்குக்குக் கம்பெனியில் நூல் எண்ணும் சின்ன லென்ஸைப் பையில் போட்டுக்கொண்டாள். ஹென்னூர் ரோட்டுக் கடையில் அவள் பாக்கெட்டைக் கண்ணுக்கு அருகில் வைத்து லென்ஸால் படிப்பதைக் கடைக்காரர் மூன்று வாரம் பொறுத்துக்கொண்டார். நான்காவது வாரம் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"மேடம், நீங்க ஃபுட் டிபார்ட்மெண்டா?"

"இல்லீங்க, கார்மெண்ட்ஸ்."

"கார்மெண்ட்ஸுக்கு மிளகாத்தூள்ல இன்னா வேல?"

"கலர் போகுமான்னு பாக்கறேன்" என்றாள். அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அன்று முதல் புதுச் சரக்கு வந்தால் அவரே முதல் பாக்கெட்டை எடுத்து அவளிடம் நீட்டுவார்.

லென்ஸ் வீண்போகவில்லை. ஒரு இட்லிப் பொடியின் மடிப்புக்குள், கோதுமையும் கையாளும் ஆலையில் பேக் செய்தது என்ற வரி இருந்தது. இன்னொரு நாள் நோட்டைப் புரட்டியபோது, வெவ்வேறு பெயரில் வந்த அரிசி மாவு இரண்டுக்கும் ஒரே பதினான்கு இலக்க உரிம எண் இருப்பதைக் கவனித்தேன். இரண்டும் ஒரே கொட்டகையில் பொட்டலமாகின்றன. கடையில் தேடியபோது அதே எண் ஒரு கோதுமை மாவுப் பாக்கெட்டிலும் இருந்தது. இரண்டையும் நிறுத்தினோம். நோட்டு தடித்துக்கொண்டே போனது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஏப்ரலில் 131 வந்தது.

இறங்க வேண்டியது ஏறியதும் நான் ஏழு கம்பெனிகளுக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன். உங்கள் பொருள் ஓடும் இயந்திரத்தில் கோதுமை ஓடுகிறதா, ஓடினால் நடுவில் எப்படிக் கழுவுகிறீர்கள் என்று கேட்டேன். ஆறு பேர் பதில் போட்டார்கள். சிலர் நேர்மையாக ஆமாம் என்றார்கள். அவர்கள் பொருளை விட்டோம். மே, ஜூன் மாதங்களில் வலி வந்த நாட்களையும் சாப்பிட்ட பொருட்களையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தேன். வலி வந்த இருபத்திரண்டு நாட்களில் பத்தொன்பது நாட்கள் அவள் ராகி மால்ட் குடித்திருந்தாள். மாலூர் பக்கம் ஒரு சின்ன ஆலையில் செய்வது அது. பெயரை எழுதவில்லை, காரணம் பின்னால் தெரியும். பதில் போடாத ஏழாவது கம்பெனியும் அதுதான். உங்கள் மால்ட்டில் கோதுமை கலக்கிறது, என்னிடம் பதிவு இருக்கிறது என்று இரண்டாவது முறை எழுதினேன். இந்த முறை ஐந்தே நாளில் ஆலைக்காரர் முனிகிருஷ்ணனிடமிருந்து பதில் வந்தது. கன்னடத்தில் இரண்டு வரி: 'நாங்கள் கோதுமையைத் தொடுவதே இல்லை. சந்தேகம் இருந்தால் வந்து பாருங்கள்.'

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் எலிசபெத்தும் கன்டோன்மென்டில் ரயிலேறிப் போனோம். சின்ன அறை, ஒரே அரவை இயந்திரம். ராகி முளை கட்டும் தொட்டி, வறுக்கும் சட்டி. பக்கத்து அறையில் நான்கு பெண்கள் பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

முனிகிருஷ்ணன் என்னைவிடப் பத்து வயது சின்னவர். கோபத்தை அடக்கிக்கொண்டு எல்லாக் கதவையும் திறந்து காட்டினார். "கோதுமை அரைக்கணும்னா எனக்கு ரெண்டாவது மெஷின் வேணும் சார். அது இருந்தா நான் ஏன் இந்த ஷெட்ல உக்காந்துக்கினு இருக்கேன்?"

எலிசபெத் இயந்திரத்தின் மூடியைத் திறக்கச் சொல்லி, விரலை உள்ளே ஓட்டி, மாவைத் தேய்த்து, லென்ஸில் பார்த்தாள். "சாப்பாடு எங்க சாப்பிடுவீங்க?" என்று அந்தப் பெண்களிடம் கேட்டாள். வெளியே புங்கமரத்தடியைக் காட்டினார்கள். கை கழுவும் குழாய் வாசலிலேயே இருந்தது.

"இங்க இல்ல மாமா" என்றாள்.

"மறைச்சிருப்பாங்க."

"இத்தனூண்டு ரூம்ல எங்க மறைப்பாரு? சட்டைப்பையிலயா?"

முனிகிருஷ்ணன் எங்களுக்கு ராகி மால்ட் கொடுத்தார். அவள் குடித்தாள். அன்றும் மறுநாளும் வலி இல்லை. அதையும் நோட்டில் எழுதினேன். ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை.

ஆகஸ்ட் 12 அன்று 178.

டாக்டரம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெளியில ஏதாவது சாப்பிடறீங்களா எலிசபெத்? சொல்லுங்க, நான் திட்ட மாட்டேன்."

"இல்ல டாக்டர்."

"டிசம்பர்ல எறங்கலைன்னா மறுபடி ஸ்கோப் பண்ணணும். டயட்டுக்குக் கேக்காத டைப்பான்னு பாக்கணும். அப்படின்னா ஸ்டீராய்டுதான். அது லேசான மருந்து இல்ல, உங்களுக்கே தெரியும்."

வீட்டுக்கு வந்ததும் பிரசன்னா பிடித்துக்கொண்டான். அவன் கெட்டவன் இல்லை, பயந்துபோயிருந்தான். "உங்க கம்பெனி கேட்ல பன் பட்டர் விக்கிறான். நானே பாத்துருக்கேன். பசில ஒரு நாள் தின்னுருப்ப. தின்னா சொல்லித் தொலையேன்."

"தின்னா தின்னேன்னு சொல்லமாட்டேனா?"

"அப்ப அந்த எண்ணு பொய்யா?"

"எண்ணு பொய்யில்ல. நானும் பொய்யில்ல" என்று சொல்லிவிட்டு, கை கழுவிக்கொண்டு அரிசி களையப் போய்விட்டாள்.

நான் அன்றைய பக்கத்தில், வெளியில் சாப்பிட்டாளா என்ற கட்டத்தில், 'இல்லை' என்று எழுதுவதற்குப் பதிலாக ஒரு கேள்விக்குறி போட்டேன். முப்பத்தோரு வருடத்தில் பம்பு ரீடிங் எதிலும் நான் கேள்விக்குறி போட்டதில்லை.

மறுநாள் காலை எலிசபெத் டிபன் பையோடு வந்து நின்றாள். "மாமா, உங்க நோட்ட ஒரு வாரம் எனக்குக் குடுங்க."

"எதுக்கும்மா?"

"செக்கிங்குக்கு."

பன்னிரண்டு நாட்கள் அது அவளோடு கம்பெனிக்குப் போய் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் படித்தாளாம். ஆகஸ்ட் 25, ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து வந்தவள், நாங்கள் மூவரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த மேஜையில் நோட்டை வைத்தாள்.

"மாமா, எங்க லைன்ல ஒரு சட்டைல கறை இருந்தா, அத தைச்சவங்கள கூப்பிடுவோம். பத்து சட்டைல இருந்தா மெஷின பாப்போம். எல்லா சட்டையிலயும் இருந்தா டெய்லரயும் பாக்க மாட்டோம், மெஷினயும் பாக்க மாட்டோம். எல்லாச் சட்டையும் எந்த எடத்த கடந்து வந்துதுன்னு பாப்போம்."

"சரி."

"இதுல எழுபத்து மூணு பாக்கெட் இருக்கு. பாதி கம்பெனிய நிறுத்திட்டோம். புதுசா வாங்கினோம். அப்பவும் ஏறுது. அப்ப கறை கம்பெனில இல்ல. இந்த எழுபத்து மூணும் கடந்து வந்த எடம் எது?"

"இந்த மேஜை" என்றேன்.

"இந்த மேஜைல இன்னா இன்னா இருக்கும்?"

"பாக்கெட்டு. கத்திரி. காலண்டர் தாள். நோட்டு. பசை."

அவள் நோட்டின் கடைசிப் பக்கங்களைத் திருப்பினாள். எழுதுபொருள் வரவு. என் கையெழுத்து, தெளிவாக. 3.1.2024, மைதா 250 கிராம். அதன் கீழே நீல மை, குண்டூசி. பிறகு மறுபடி மைதா 250 கிராம். எட்டு இடங்களில் பென்சிலால் லேசாகப் புள்ளி வைத்திருந்தாள்.

"ரெண்டு கிலோ மாமா. ஏழரை மாசத்துல ரெண்டு கிலோ மைதா இந்த வீட்டுக்குள்ள வந்துருக்கு."

சுரங்க அலுவலகத்தில் எங்களுக்குக் கடைப் பசை தர மாட்டார்கள், மைதாவைக் காய்ச்சிக்கொள்வோம். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போடுவோம். இங்கே வீடாயிற்றே, அது விஷமாயிற்றே என்று மயில்துத்தத்தை விட்டுவிட்டேன். அதனால் பசை இரண்டு நாளில் புளித்துவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் புதிதாகக் காய்ச்சினேன். மைதாவை வைத்திருந்தது அடுப்பங்கரையில் இல்லை, இதே மேஜையின் இழுப்பறையில், கத்திரியும் மையும் இருக்கும் இடத்தில். அது எனக்குக் கோதுமையாகத் தோன்றவே இல்லை. எழுதுபொருளாகத்தான் தோன்றியது.

"எதுல காச்சினீங்க?" என்று எலிசபெத் கேட்டாள். நான் சொல்லுமுன் தனலக்ஷ்மி இட்லித் தட்டைக் கீழே வைத்தாள்.

"அந்தச் சின்ன குண்டான்லதான காச்சுவாரு. நான் மதியம் படுத்திருக்கறப்ப காச்சிட்டுத் தண்ணி ஊத்தி வெச்சிருப்பாரு. நானும் அலசிக் கவுத்துடுவேன். அதுலதானடி சாயங்காலம் உனக்கு ராகி மால்ட் காச்சறேன்."

பத்தொன்பது நாட்களுக்கு அர்த்தம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மாலூரில் குடித்த மால்ட்டுக்கு வலி வராததற்கும் அதே அர்த்தம்தான். நான் நோட்டுத் தொடங்குவதற்கு முன்பு எண் இறங்கியது. தொடங்கிய பிறகு ஏறியது. எந்த வரியையும் நான் தப்பாக எழுதவில்லை. எழுதியதை நான் படிக்கவில்லை.

"உனக்குத் தெரியும்ல, நீ ஏன் சொல்லல?" என்று தனலக்ஷ்மியைக் கேட்டேன்.

"பசைன்னுதான சொன்னீங்க. கோதுமைன்னா சொன்னீங்க?" என்றாள் அவள்.

பிரசன்னாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "நைனா, ஏழு கம்பெனிக்கு ரிஜிஸ்டர் தபால் போட்டியே. எட்டாவதா உனக்கு ஒண்ணு போட்டுக்கோ. ஸ்டாம்பு நான் வாங்கித் தர்றேன்."

"நீங்க சிரிக்காதீங்க" என்றாள் எலிசபெத். "பன் பட்டர் கேஸு இன்னும் முடியல."

அவன் சிரிப்பு அடங்கியது. இட்லியைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே போனான். முக்கால் மணி நேரம் கழித்து, ஒரு புதுக் குண்டான், ஒரு புதுக் கரண்டி, எனக்கு ஒரு பசை பாட்டில் ஆகியவற்றோடு திரும்பினான். மன்னிப்புக் கேட்பது அவனுக்கு எப்போதும் கடை வழியாகத்தான் வரும். எலிசபெத் குண்டானை வாங்கித் தட்டிப் பார்த்தாள். பசை பாட்டிலைக் கண்ணருகே கொண்டுபோய் லென்ஸால் படித்தாள்.

"இதுல இன்னா இருக்குன்னே போடல" என்று சொல்லி, பாட்டிலை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

அதனால் இப்போது நான் எதையும் ஒட்டுவதில்லை. தாளில் துளை போட்டு ஃபைல் டேக்கால் கட்டுகிறேன். அந்தப் பழைய குண்டானும் கரண்டியும் வீட்டை விட்டுப் போயின. பசைக் கையோடு நான் தொட்ட டப்பாக்களில் இருந்தவற்றையெல்லாம் தனலக்ஷ்மி கொட்டினாள். மேஜையை மூன்று முறை கழுவினோம். பழைய நோட்டை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி, பரண்மேல் வைத்தோம். பைக்குள் போடுவதற்கு முன்னால் எலிசபெத் ஆகஸ்ட் 12-ஆம் தேதிப் பக்கத்தைத் திறந்து என்னிடம் நீட்டினாள்.

"இந்தக் கேள்விக்குறிய மட்டும் அடிச்சுடுங்க மாமா" என்றாள்.

பார்த்திருக்கிறாள். பன்னிரண்டு நாட்கள் அதைப் பார்த்துக்கொண்டேதான் என் நோட்டைப் படித்திருக்கிறாள். நான் ஒற்றைக் கோடு போட்டு அடித்தேன். மேலே 'இல்லை' என்று எழுதினேன். பக்கத்தில் முதலெழுத்தும் தேதியும் இட்டேன்: ஜெ., 25.8.2024. அவள் சரிபார்த்துவிட்டு மூடினாள்.

மறுநாள் மாலூருக்குக் கடிதம் எழுதினேன். உங்கள் மால்ட்டில் குற்றமில்லை, என் பசையில் இருந்தது, நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன் என்று, குண்டானைப் பற்றியும் ஒளிக்காமல், ஒன்றரைப் பக்கம். பதில் வரவில்லை. வராதது நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டேன். ராகி மால்ட் மட்டும் அங்கிருந்தே வாங்கினோம்.

செப்டம்பரில் வலி வந்த நாட்கள் ஐந்து. அக்டோபரில் ஒன்று. நவம்பரில் எலிசபெத் மாடிப்படியில் என்னை முந்திக்கொண்டு போய், மேலே நின்று, "மெதுவா வாங்க மாமா, அவசரமில்ல" என்றாள்.

9.12.2024 — 58 — 47 கிலோ

டாக்டரம்மா தாளைப் பார்த்துத் தலையாட்டினார். "ஸ்கோப் வேண்டாம். இப்படியே போகட்டும். இன்னா மாத்தினீங்க?"

"மாமாவோட பசைய மாத்தினோம் டாக்டர்" என்றாள் எலிசபெத்.

அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். நானே முழுக்கதையையும் சொன்னேன். வெளியில் காத்திருந்தவர்களை மறந்து அவர் கேட்டார். மற்ற நோயாளிகளுக்குச் சொல்ல வேண்டும் என்று தன் குறிப்பில் ஏதோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்கவில்லை. பார்க்க ஆசையாகத்தான் இருந்தது.

எலிசபெத் இப்போது செக்கிங் பிரிவில் ஒரு லைனுக்குப் பொறுப்பு. பிறந்தநாள் என்றால் இப்போதும் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்கிறாள். அவளுடைய பிறந்தநாளுக்கு மட்டும் லைன் பெண்கள் ஒரு தட்டு நிறைய வேர்க்கடலை உருண்டை செய்து, எந்தப் பாத்திரத்தில் செய்தோம் என்று சீட்டும் எழுதிக் கொண்டுவந்தார்களாம். அந்தச் சீட்டைப் பத்திரமாகக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். டேக் போட்டுக் கட்டிவைத்திருக்கிறேன்.

மாலூர்க் கடிதம் ஆறு மாதம் கழித்து வந்தது. முனிகிருஷ்ணன் கன்னடத்தில் தன் கையாலேயே எழுதியிருந்தார். எலிசபெத் வேலையிலிருந்து வரும்வரை உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தேன். அவள் செருப்பைக் கழற்றியதும் படித்துக் காட்டினேன். அதன் சாரம் இது: உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். பிறகு எங்கள் பாக்கெட் அறைக்குப் போய், அட்டைப்பெட்டிக்கு லேபிள் எதனால் ஒட்டுகிறீர்கள் என்று கேட்டேன். ஒரு சட்டியைக் காட்டினார்கள். மைதாப் பசை. அன்று உங்கள் மருமகள் இயந்திரத்தைத் தொட்டுப் பார்த்தார், யாரும் அந்தச் சட்டியைப் பார்க்கவில்லை. பாக்கெட் போடும் அதே பெண்கள்தான் லேபிளும் ஒட்டுகிறார்கள். லேபிளுக்குப் பதில் பெயரையே அச்சடித்த பெட்டி வந்து சேர இத்தனை நாள் ஆயிற்று. இப்போது எங்கள் ஷெட்டில் பசை இல்லை. இதைச் செய்து முடித்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன். மருமகள் எப்படி இருக்கிறார்?

"நான் பாக்காம விட்டுட்டேன்" என்றாள் எலிசபெத். சட்டி எந்த மூலையில் இருந்திருக்கும் என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு கேட்டாள், "அவருக்கு இன்னா எழுதப் போறீங்க?"

"ஐம்பத்தெட்டுன்னு எழுதறேன்."

"எடையும் எழுதுங்க" என்று சொல்லிவிட்டு, மால்ட் காய்ச்சப் புதுக் குண்டானை எடுத்தாள்.

கடிதம் வந்த நாள் 18.2.2025, செவ்வாய்க்கிழமை.